மணப்பலகைக்கு உளி தேடிய வேந்தன்

வளமும் வாய்மையும் குன்றாது விளங்குக. நீலவரை நாட்டுக்கு உரியவனும், ஏழு குன்றக் கோட்டைகளின் காவலனும், புலிமுகக் கொடி உயர்த்தோனுமாகிய தும்பைச் சேந்தன், ஆழித்துறை நாட்டு அரசரும், ஆயிரம் மரக்கலங்களின் தலைவரும், விரைவில் எமக்குச் சம்பந்தி ஆகவிருப்பவருமான நம்பி பரதவேள் அவர்களுக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் கலங்கள் கேடின்றிக் கரை சேர்க. தங்கள் அரண்மனையில் அனைவரும் நலமே வாழ்க. இங்கு யாம் நலமாக இல்லை.

இதனை எழுத்தரிடம் சொல்லி எழுதுவிக்கவில்லை. ஓர் உளி வாங்க முடியாமல் அரசன் விழிபிதுங்கி நின்ற செய்தியைப் பிறர் காதுபடச் சொல்ல நாணி, எம் கையாலேயே வரைகிறோம். எழுத்துக் கோணியிருப்பின் அதன் காரணம் பின்னர் விளங்கும்.

எம் மகள் தத்தையைத் தங்கள் இளையகுமாரருக்கு உறுதி செய்த நாளில் தாங்கள் உரைத்த குலவழக்கை யாம் மறக்கவில்லை. தங்கள் முன்னோர் மரக்கலம் செய்து நாடு கண்ட தச்சர். ஆதலின் மணமக்கள் அமரும் பலகையைப் பெண்ணின் தந்தை தன் கையாலேயே செய்தல் வேண்டும்; அதற்குரிய இரம்பம், இழைப்புளி, உளி மூன்றையும் அவனே சந்தைக்குச் சென்று, பேரம் பேசி, விலை குறைத்து வாங்குதல் வேண்டும்; இலவசமாக வந்ததும் செல்லாது, சொன்ன விலைக்கு வாங்கியதும் செல்லாது என்றீர்கள். அன்று யாம் சிரித்தோம். ஏழு கோட்டைகளை வென்றவனுக்கு மூன்று இரும்புத் துண்டுகளை வாங்கத் தெரியாதா என்று அவையில் பெருமையும் பேசினோம். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் கூசுகிறது.

முதல் நாள் வெண்குடையுடன் கொல்லர் தெருவுக்குச் சென்றோம். வணிகர் அனைவரும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, கடையில் இருந்த கருவிகளையெல்லாம் எம் காலடியில் கொட்டினர். விலை யாது என்று வினவியதற்கு, எம் வரவே விலை என்றனர். விலை சொல்லியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தவே, ஒருவன் அஞ்சி அழத் தொடங்கிவிட்டான். வெறுங்கையோடு திரும்பினோம்.

மறுநாள் எண்ணெய் வணிகனாக வேடம் பூண்டு, அமைச்சர் பூதியாரை உடன் அழைத்துச் சென்றோம். கடைக்காரன் ஓர் இரம்பத்துக்கு ஆனை விலை குதிரை விலை சொன்னான். பிறந்தது முதல் எதற்கும் விலை கேட்டறியாத யாம் அதனை அப்படியே எடுத்துக் கொடுத்தோம். அமைச்சர் பின்னிருந்து கிள்ளியது சற்றுத் தாமதமாக உறைத்தது. சாட்சியாகத் தாங்கள் அனுப்பிய தங்கள் தமக்கையார் மருதியார் அவ்விரம்பத்தைத் தொட்டும் பாராமல், செல்லாது என்று கூறிவிட்டார்.

பின்னர் அவைக்கூடத்தில் பேரம் பழகினோம். பூதியார் விற்பவராகவும் யாம் வாங்குபவராகவும் அமர்ந்தோம். அவரோ யாம் வாய் திறக்குமுன்பே விலையைக் குறைத்துவிட்டு, மன்னிப்பும் கேட்டார். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வாரச் சந்தையில் பழைய இரும்பு விற்பவன் ஒருவனால் சிறிது விடிவு பிறந்தது. துருவேறிய இரம்பத்துக்கும் மழுங்கிய இழைப்புளிக்கும் அவன் விலை சொன்னபோது, என்ன சொல்வதென்று தெரியாமல் யாம் திருதிருவென விழித்து நின்றோம். அந்த மௌனத்தையே பேரம் என்று கருதி, அவன் தானாகவே மும்முறை இறங்கி வந்தான். மருதியார் ஏற்றுக்கொண்டார். எஞ்சியது உளி ஒன்றே.

உளி, கொல்லர் தெருவின் கடைக்கோடியில் உலை நடத்தும் கொற்றி என்பவளிடம் இருந்தது. எண்ணெய் வணிகன் வேடத்திலேயே சென்று, சற்றே குறைக்கலாகாதா என்று கேட்டோம். அவள் தலை நிமிரவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் சென்றோம். நான்காம் நாள் அவள் சம்மட்டியைக் கீழே வைத்தாள். எம்மை முதல் நாளே அடையாளம் கண்டுகொண்டதாகச் சொன்னாள். மூன்றாண்டுகளுக்கு முன் மழை பொய்த்து உலைகள் அவிந்தபோது, உலை வரியைப் பாதியாக்க வேண்டித் தன் தெருவே எம் வாயிலில் நான்கு நாள் நின்றதாகவும், யாம் வெற்றிலை மடித்துக்கொண்டே, கட்டுப்படியாகாது என்ற ஒரே சொல்லில் அவர்களை அனுப்பியதாகவும் சொன்னாள். பிறகு, “எனக்கும் கட்டுப்படியாகாது” என்று சொல்லிவிட்டு மீண்டும் சம்மட்டியை எடுத்தாள்.

வெற்றிலை மடித்தது எமக்கு நினைவிருந்தது. நின்றவர்களின் முகம் ஒன்றும் நினைவில்லை. ஆணையிட்டு வாங்கலாம்; ஆனால் அவ்வாறு வாங்கிய உளி செல்லாது. ஆகவே உலை முன் தரையில் அமர்ந்தோம். வரியில் சிறிது குறைத்தோம். அவள் விலையில் சிறிது குறைத்தாள். இன்னும் சிறிது யாம், இன்னும் சிறிது அவள். உச்சிப்பொழுதில் உளியின் விலையும் பாதியாயிற்று, எம் நாட்டு உலை வரியும் பாதியாயிற்று. மருதியார் அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார். பண்டாரத் தலைவர் இன்றுவரை எம்மோடு பேசவில்லை.

கருவி கிடைத்தால் வேலை முடிந்தது என்று எண்ணியது எம் பேதைமை. பலாமரப் பலகை அறுத்தோம். பெருவிரலையும் சேர்த்தே அறுத்தோம். ஒரு கால் குட்டையாயிற்று. அதற்கு இணையாக மற்ற மூன்றையும் குறைத்தோம். வேறொரு கால் குட்டையாயிற்று. இப்போது பலகை தரையிலிருந்து நான்கு விரல் உயரமே உள்ளது. நடுவில் தாமரை செதுக்கினோம். பூதியார் தாமரை என்றார். அரசி கத்தரிக்காய் என்றாள்.

நேற்றுக் காலை தத்தை வந்து அதில் அமர்ந்து பார்த்தாள். பலகை ஆடியது. கோணலாக இருந்தாலும் இருக்கட்டும், குறித்த நாள் மட்டும் தவறக் கூடாது என்று சொல்லி, எம் தாடியில் ஒட்டியிருந்த மரச்சுருளை எடுத்துப் போட்டாள். இருவர் அமரும் அப்பலகையில் அவள் ஒரு பக்கமாக ஒதுங்கியே அமர்ந்திருந்தாள். மறுபக்கம் எமக்குரியது அன்று என்பது அப்போதுதான் உறைத்தது. ஏழு கோட்டைகளுக்கு உரியவன், என்ன செய்வதென்று தெரியாமல் உளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆதலின், பலகையைத் திருத்தும்பொருட்டு மணநாளை ஒரு திங்கள் தள்ளி வைக்குமாறு வேண்டுகிறோம். ஒரு திங்கள் மிகுதி என்பீர்கள்; பதினைந்து நாள். தாங்கள் தலையசைக்காமல் இருப்பது இங்கிருந்தே தெரிகிறது, ஏழு நாள். நாள் தவறக் கூடாது என்றாளே என் மகள். ஆகவே மணநாளை மாற்ற வேண்டா. ஓலையில் கீறியதை அழிக்க வழியில்லை. மேலே கேட்டதைக் கேளாததாகக் கொள்க. மணம் முடிந்த மறுநாளே மணமகள் கலம் ஏறுவது தங்கள் வழக்கு. ஏறட்டும், மூன்று நாள் கழித்து ஏறட்டும். இரண்டு நாள். ஒரு நாள்.

இவ்வோலையைத் தங்கள் திருக்கையிலன்றி வேறெவர் கையிலும் கொடுத்தலாகாது என்றும், மறுமொழியின்றி மீளலாகாது என்றும் தூதனுக்கு ஆணையிட்டுள்ளோம். இப்போது எம் ஆணை செல்லுமிடம் அவன் ஒருவனே. நீலவரை நாட்டுப் புலிமுக முத்திரை பொறித்தது.

முத்திரையின் கீழ், தத்தையின் தகப்பன் எழுதியது: ஒரு நாள். இதற்குக் கீழே எனக்குக் கட்டுப்படியாகாது.