பூட்ஸ் போட்ட சேவல்

அன்பு மருமகள் ஸ்லாத்தினாவுக்கு, உன் தாய்மாமன் கென்ச்சோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் மூச்சுக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சிகாகோவில் உனக்கு வேளைக்குச் சாப்பாடும் தூக்கமும் கிடைக்கிறதா? செர்ரி இந்த வருஷம் கோழிமுட்டை அளவு, ஒன்று தின்றால் மத்தியானச் சாப்பாடு வேண்டாம். போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் போனில் என் குரல் எதைச் சொன்னாலும் ஜோடனை பண்ணிவிடும், நீயும் பாதிதான் நம்புவாய். உன் அப்பா போன பிறகு உன்னையும் உன் தம்பியையும் வளர்த்தவன் என்ற முறையில் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

பக்கத்து வீட்டு மின்ச்சோ பிளோவ்திவ் நகரத்துக்குப் போய்வந்து, அங்கே சந்துச் சுவரில் பூட்ஸ் போட்ட சேவல் ஒன்றை வரைகிறார்கள் என்றான். உன் தம்பி அசென் நம் கொட்டகைக் கதவில் என் பூட்ஸைப் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு சேவல் வரைந்தானே, அதேதான் என்று சத்தியம் பண்ணினான். ரெண்டு நாளில் வந்துடறேன் மாமா என்று பெயின்ட் டப்பாப் பையோடு பஸ் ஏறியவன் திரும்பவில்லை, இந்த மாதத்தோடு நாலு வருஷம். உன் அம்மா என்னைக் கூப்பிட்டு, இதுதான்டா கடைசி, இதுலயும் ஒண்ணுமில்லேன்னா அவனுக்கும் வாசல்ல தாள் ஒட்டிடுவோம், போறவன் வர்றவன் எல்லாம் கேக்கறது இனிமே எனக்குத் தாங்காது என்றாள். வாசல் கதவில் உன் அப்பாவின் படம் போட்ட இரங்கல் தாள் வெளுத்துத் தொங்குகிறது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சனிக்கிழமை கிளம்பினேன். பஸ்ஸில் கூட்டம், டிரைவரே எழுந்து எனக்கு இடம் கொடுத்தான், பிறகு வண்டியை யார் ஓட்டினார்கள் என்று கேட்காதே. ஊரே சுவர் சுவராக நனைந்து கிடந்தது, எல்லாம் பெயின்ட். மூலைக்கு ஒரு பாட்டுக் கோஷ்டி, ஏதோ சுவர்ப்படத் திருவிழாவாம். நான்கு மாடி உயரத்தில் அந்தச் சேவல் நின்றது, ஏணியில் ஒரு வெள்ளைமுடிப் பெண் அதன் வாலுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நம் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது, ஆனால் நான் கையாலேயே பத்து தேசத்துக்காரனோடு பேசியவன் அல்லவா. அசென் படத்தைக் காட்டி, இவனைத் தெரியுமா, உயிரோடு இருக்கிறானா என்று கேட்டேன். அவள் தலையை இடமும் வலமுமாக, நாம் ஆமாம் என்று ஆட்டுகிற மாதிரியே, இரண்டு தரம் ஆட்டினாள். அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். உடனே உன் அம்மாவுக்குப் போன் போட்டேன். ஐயோ என் புள்ளை மெலிஞ்சிருக்கானாமா, கேளுடா கேளு என்றாள். கொஞ்சம் குண்டாயிட்டானாம் அக்கா என்று என் வாய் சொல்லிவிட்டது. வாய்தான் சொன்னது.

அன்று சாயங்காலம் கிளாரினெட்காரன் ஊத ஊத ஹோரோ ஆட்டத்துக்குக் கைக்குட்டை சுழற்றி முன்னே நின்றவன் நான்தான், இருநூறு பேர் என் பின்னால் ஆடினார்கள். சரி, நாற்பது. ஞாயிறு காலை பக்கத்துக் காபிக்கடைப் பெண் திமானாவை அழைத்துக்கொண்டு போனேன், அவளுக்கு இங்கிலீஷ் வரும். அவள் அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா, இந்தப் பொண்ணு ஹாலந்துக்காரி, அவங்க ஊர்ல தலையை இப்படி ஆட்டினா இல்லைன்னு அர்த்தம், நேத்திலேர்ந்து தெரியாது தெரியாதுன்னுதான் பாவம் சொல்லிட்டிருக்கா என்றாள். கிட்டே போய்ப் பார்த்தேன். பூட்ஸ் இல்லை ஸ்லாத்தினா, மரச்செருப்பு. அவள் தாத்தா போட்டதாம். நீ சிகாகோ போன புதிதில் பல் டாக்டர் பிடுங்கட்டுமா என்று கேட்க, வேண்டாம் என்று நம் வழக்கப்படி மேலும் கீழும் ஆட்டி நல்ல பல்லைப் பறிகொடுத்தாயே, நான் ஒரு வாரம் சிரித்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஐந்து கதை தயார் பண்ணினேன், ஸ்பெயினில் தேவாலயத்துக்கு வர்ணம் பூசப் போயிருக்கிறான் என்பதுதான் அதில் நல்லது. உன் அம்மா அவன் கட்டிலுக்கு உறை மாற்றி, புதினா போட்டு பீன்ஸ் சூப் வைத்து, மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தாள். எப்ப வரானாம் என்றாள். ஐந்து கதையையும் விட்டுவிட்டு, தலையை மேலும் கீழுமாக ஒரே தரம் அசைத்தேன். அவள் ஒரு தட்டை எடுத்துக் கழுவி அலமாரியில் வைத்தாள். குண்டாயிட்டான்னு சொன்னியேடா என்றாள்.

நீ நூறு வருஷம் இரு, மிச்சமிருக்கும் பல்லோடு இரு, கடவுள் உன்னையாவது எங்களுக்கு விட்டுவைக்கட்டும். அசென் நீல ஸ்வெட்டரில் சிரிக்கிற படம் உன்னிடம் இருக்கிறதாம், இரங்கல் தாளுக்கு அதுதான் வேண்டும் என்கிறாள் அம்மா. மறக்காமல் அனுப்பு.

இப்படிக்கு,
உன் மாமா கென்ச்சோ

பி.கு.: அச்சகத்தில் அவன் பிறந்த தேதி சொன்னேன், இறந்த தேதி என்ன என்று கேட்டார்கள். ஏதாவது ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லலாம் என்று வெகுநேரம் நின்றேன். முடியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லிவிட்டு வந்தேன்.