இறுக்கம் வேறு, நேர் வேறு

நேற்று மொன்ட்ரியாலின் வில்லரேப் பக்கம் ஒரு ஹார்ட்வெயர் கடைக்குப் போனேன். வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் வெள்ளை டேப் சுருள்கள் தொங்கின, குழாய் மரையில் சுற்றுகிற அதே டேப். வாங்காமல் வந்துவிட்டேன். மனைவி ஏசினாள். குழாய் ஒழுகினால் ஒழுகட்டும்.

ஏன் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை, நண்பரே. மொன்ட்ரியால்-நோரில் நம்முடைய பட்டறை, பொலிஸாரின் துப்பாக்கிகளுக்கு அனுமதிப் பத்திரத்தோடு சைலன்சர் செய்கிற இடம். நான் லேத்தில் நின்றேன், நீர் சோதனை மேசையில். உம்முடைய கையெழுத்து இல்லாமல் ஒன்றும் பெட்டிக்குள் போகாது. அங்கே தமிழ் கதைக்க நாங்கள் இருவர்தான். மத்தியானச் சோற்றையும் முதலாளி மேலிருந்த கோபத்தையும் பங்கிட்டுக்கொண்டோம்.

பல வருடங்களுக்கு முன் ஒரு முறை சைலன்சர்களின் திருகு மரை இளகலாக வெட்டுப்பட்டுவிட்டது. சோதனைக்கு வைத்திருந்த துப்பாக்கிக் குழலில் பூட்டினால் ஆடியது. நான் முன்பு குழாய் வேலை செய்தவன் அல்லவா, மூளை அந்தப் பக்கம் ஓடியது. இரண்டு சுற்று வெள்ளை டேப் சுற்றி முறுக்கினேன். அசையவில்லை. முதலாளி என் முதுகில் தட்டி, எல்லாவற்றுக்கும் இப்படியே சுற்றச் சொன்னார்.

நீர் நேரான உருக்குக் கம்பியைக் குழலுக்குள் விட்டீர். சைலன்சரின் முன் துவாரத்தில் அது நடுவில் நிற்கவில்லை, ஒரு பக்கம் உரசிக்கொண்டு நின்றது.

“இறுகினா நேர் எண்டு உமக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டீர். “மரை இழுத்துப் பிடிக்கத்தான். அடியில விளிம்போட விளிம்பு முட்டி இருந்தாத்தான் நேர். குண்டு உள்ளுக்கை தட்டினா சுடுறவன்ர முகம் என்ன ஆகும்?”

முதலாளி கையெழுத்துக் கேட்டார். மாட்டேன் என்றீர். அப்போது வவுனியாவிலிருந்து அம்மாவை இங்கே கூப்பிட விண்ணப்பித்திருந்தீர். வேலைக் கடிதம் இல்லாவிட்டால் அது நின்றுவிடும் என்று அவருக்கும் தெரியும். போடாவிட்டால் வேலை இல்லை என்றார்.

“போட்டு விடுமன், அம்மாவை யோசியும்” என்று நான் முணுமுணுத்தேன்.

“அம்மா பிந்தினாலும் பேந்து வருவா. முகம் போனா பேந்து வராது” என்று சொல்லிவிட்டு மேலங்கியை எடுத்தீர்.

நான் லேத்துக்குத் திரும்பினேன். வெட்கக்கேடு. டேப் சுற்றியது நான், வேலை போனது உமக்கு. வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள், வாங்கியவர்கள் அவ்வளவையும் திருப்பி அனுப்பினார்கள். நீர் டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினீர். அம்மா இரண்டு வருடம் பிந்தித்தான் வந்தார். ஒரு நாளாவது என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நீரோ, “என்ன டேப்காரர், சுகமோ?” என்று சிரித்ததோடு சரி.

போன மாரியில் புற்றுநோய் உம்மைக் கொண்டுபோனது. இப்போது சோதனை மேசையில் இருப்பவன் நான். இன்று காலை முதலாளி கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினார். புதுச் சைலன்சர் ஒன்றில் கம்பியை விட்டுப் பார்த்தேன், உரசியது. கொஞ்சந்தானே என்றார். போடாவிட்டால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, மகளின் கலியாணம் இருக்கிறது. பயந்தேன், மறைக்கவில்லை.

அன்று உம் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று தனியாகச் சொன்னேன். “நொன்”, மாட்டேன் என்றேன், பட்டறை முழுக்கக் கேட்கும்படி. இத்தனை வருடத்தில் என் வாயிலிருந்து பிழையில்லாமல் வந்த பிரெஞ்சு அது ஒன்றுதான்.