உப்புத் தண்ணீரில் அண்ணன்

பிப்ரவரி 3

கண்ணாடித் தொட்டி வந்தது. எட்டடி நீளம், மூன்றடி அகலம். பட்டறைக் கதவில் நுழையவில்லை. தொட்டிக்காரர் கதவை முறைத்தார், நான் அவரை முறைத்தேன். அளவு கொடுத்தது நான்தான் என்பதை மூன்று முறை ஞாபகப்படுத்தினார். நேராகக் கண்காட்சி நடக்கப்போகும் காலரிக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டேன்.

"உள்ளே என்ன, மீனா விடப் போறீங்க?"

"ஆமா, பெரிய மீன்" என்றேன். வாய் இருக்கிறது என்பதற்காக எதையும் சொல்லிவிடுவதா? நாள் முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இருபத்திரண்டு வருட வேலைக்குப் பிறகு முதல் தனிக் கண்காட்சி. கடல்தான் விஷயம். ஆறு சிற்பங்கள் தயார். கல்லில் ஓர் அலை, செம்புத் தகட்டில் ஒரு நங்கூரம், அப்புறம் இன்னும் நான்கு. எல்லாம் சுமார். யாரும் குறை சொல்ல முடியாத சுமார். ஏழாவது சிற்பம், என் அண்ணன்.

பிப்ரவரி 5

எழுதி வைத்துக்கொள்கிறேன், பிறகு மனம் மாறக் கூடாது. சுடாத களிமண். அண்ணனின் முழு உருவம், மல்லாந்து படுத்தபடி, கடல் தண்ணீருக்குள். முழுக்கக் காய்ந்த மண்ணைத் தண்ணீரில் போட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பாதி ஈரத்தோடு போட்டால் மெதுவாக, நாட்கணக்கில் கரையும். உள்ளே கம்பி கிடையாது. இருபதாம் நாள் தொட்டியில் சேறு மட்டும் இருக்க வேண்டும்.

கப்பலிலிருந்து விழுந்தவனுக்கு அதுதானே நடந்தது? நான்கு வருடம். உடல் கிடைக்கவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும் அவன் சாமான்கள் இருந்த ஒரு பெட்டியும் வந்தன, அவ்வளவுதான்.

அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

அண்ணி வீட்டுக்குப் போனேன். வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். எனக்கு அவன் தோள் அளவு தேவைப்பட்டது. ஒரு மாடலுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி அவன் சட்டை ஒன்றைக் கேட்டேன். பீரோவில் எல்லாச் சட்டையும் இஸ்திரி போட்டுத் தொங்குகிறது. யோசித்து யோசித்து நீலக் கட்டம் போட்டதை எடுத்தாள்.

"கறை படாம திருப்பிக் குடுத்துடும்மா. வந்ததும் முதல்ல இதைத்தான் தேடுவார்."

வந்ததும்!

அவன் போனுக்கு இன்னும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறாள். கடலிலிருந்து காப்பாற்றப்பட்டு, பெயர் மறந்து, எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவரைப் பற்றிய செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறாள். எனக்கு அண்ணன் செத்துவிட்டான். அண்ணிக்கு அவன் சாகவில்லை. இதை நாங்கள் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. நான் தலையாட்டுவேன், அவள் காபி போடுவாள்.

இன்று சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் இருந்தேனே.

பிப்ரவரி 20

முகம் வரவில்லை. மூக்கை மூன்றாவது முறையாக வழித்துப் போட்டேன்.

மார்ச் 1

வந்துவிட்டது. கீழுதட்டைக் கட்டைவிரலால் ஒரு நூல் அளவு உள்ளே தள்ளினேன், அவ்வளவுதான், அவனேதான். "என்ன பெரிய சிற்பி, இன்னும் ஒண்ணும் விக்கலையா?" என்று கேட்கப் போகிற அதே வாய். உட்கார்ந்து அழுதேன். பிறகு ஈரத்துணி போட்டு, மேலே பிளாஸ்டிக் சுற்றி வைத்தேன். காய்ந்துவிட்டால் எல்லாம் போச்சு.

மார்ச் 7

திறப்பு நாள். அண்ணி வரவில்லை, ஷிப்ட் மாற்றித் தரவில்லையாம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

தொட்டியைச் சுற்றி இருந்த கூட்டம் மூச்சுவிடவில்லை. காதோரத்திலிருந்து மண் மெல்லப் புகைபோல எழுந்தது. காலரி டைரக்டரம்மா என் கையைப் பிடித்து, "மத்த ஆறையும் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கலை, கவனிச்சீங்களா?" என்றார். பாராட்டா, வசவா தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தேன். ஆமாம், இருந்தேன்.

மார்ச் 10

அண்ணி வந்தாள். மருந்து வாங்க வந்த யாரோ பேப்பரில் வந்த படத்தைக் காட்டினார்களாம். கடைக் கோட்டோடு அப்படியே வந்து நின்றாள். அதற்குள் அவன் விரல்கள் கரைந்து போயிருந்தன. முகம் அப்படியே இருந்தது.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், சத்தம் போடாமல், "இன்னொரு தடவை அவரைத் தண்ணியில போட்டுட்டியே" என்றாள்.

"அது சிலை அண்ணி."

"சிலைன்னு தெரியாதா? எனக்கென்ன பைத்தியமா? வெளியே எடு. முகம் போறதுக்குள்ள எடுத்துடு."

"பாக்கிறேன்" என்றேன். பாக்கிறேனாம். கடனாளி கடைக்காரனுக்குச் சொல்லும் பதில்கூட இதைவிட மேல்.

மார்ச் 11

டைரக்டரம்மாவிடம் கேட்டேன். "அவங்க துக்கம் புரியுது. ஆனா இதை எடுத்துட்டா வர்றவங்களுக்கு நான் எதைக் காட்டுறது? நங்கூரத்தையா?"

நான் வாதாடவில்லை. உண்மையை எழுது: அவர் மறுத்தது எனக்கு வசதியாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் யாருமே எட்டிப் பார்க்கவில்லை, இப்போதுதான் வாசலில் வரிசை நிற்கிறது.

அண்ணி சாப்பாட்டு இடைவேளையில் வந்து, தொட்டியருகே நின்றுவிட்டுப் போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 12

மூக்கு நுனி போய்விட்டது.

அண்ணி இன்றும் வந்தாள். தொட்டி விளிம்பைப் பிடித்தபடி இருபது நிமிடம். பார்க்க வந்த ஒரு பெண் அவளையும் சேர்த்துப் படம் எடுத்தாள். அப்புறம் என்னிடம் வந்து, "அந்த லேடியும் ஷோல ஒரு பார்ட்டா?" என்று கேட்டாள்.

போதும். நாளை தண்ணீரை இறக்கிவிடுவேன். டைரக்டரம்மா கத்தட்டும்.

மார்ச் 13

எழுத்து கோணுகிறது.

தண்ணீர்தான் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஊறிய மண் வெளியில் தன் எடையைத் தானே தாங்காது. சொட்டுச் சொட்டாக இரண்டு நாளில் இறக்க வேண்டும், இரு பக்கமும் மணல் மூட்டை அணைக்க வேண்டும். முதல் வருட மாணவர்களுக்கு இதை நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அண்ணி ஒரு மணிக்கு வருவாள். அவள் வரும்போது அவன் தண்ணீரில் இருக்கக் கூடாது என்று மட்டும்தான் புத்தியில் இருந்தது. மூன்று நாள் அசையாதவளுக்கு அப்படி என்ன அவசரம் வந்தது?

பதினோரு மணிக்குத் தொட்டியின் அடைப்பை முழுசாகப் பிடுங்கினேன். நெற்றி வெளியே வந்தது, கன்னம் வந்தது. அழகாக இருந்தான். தண்ணீர் மார்புக்கு இறங்கியதும் கழுத்தில் ஒரு விரிசல். ரெண்டு கையையும் குடுத்துப் புடிச்சேன். புடிச்சேன்தானே? மார்பு ஒரு பக்கமா வழுக்கிடுச்சு, தலை என் கையிலயே திரும்பி, முகங்குப்புற — என் கையிலயே — நான் அழுத்தினேனா? நான் அழுத்தினதாலதான் போச்சா?

ஒன்று பத்துக்கு அண்ணி வந்தாள். கோட்டைக் கழற்றினாள். "நீ தள்ளு" என்றாள். சேற்றில் கையை விட்டுத் தலையைத் தூக்கித் திருப்பினாள். முகம் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. அதை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள். நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொரு இடமாக. பிறகு மெல்லக் கீழே வைத்துவிட்டு, கை கழுவாமலேயே கிளம்பிப் போனாள்.

மார்ச் 15

டைரக்டரம்மா சொல்கிறார்: "இதுவும் நல்லாத்தான் இருக்கு." சேற்றைப் பார்க்கக் கூட்டம் இன்னும் அதிகம். பேப்பரில் "துணிச்சலான முடிவு" என்று எழுதியிருக்கிறார்கள். கண்காட்சியை மூடச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 29

அண்ணி போனை எடுப்பதில்லை. வாசல்வரை போனேன். உள்ளே நடமாட்டம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

ஏப்ரல் 22

நேற்று அவளே கூப்பிட்டாள். "நாளைக்குப் பத்து மணிக்குப் பதிவு ஆபீஸுக்கு வா. கூடப்பிறந்தவங்க கையெழுத்தும் வேணுமாம்." வைத்துவிட்டாள்.

கடலில் விழுந்தவரை, கப்பல் கம்பெனியின் கடிதத்தை வைத்து, இறந்தவராகப் பதிவு செய்யும் விண்ணப்பம். நான்கு வருடமாக எத்தனை பேர் சொல்லியும் அவள் தொடாதது. இன்று அவள் கையாலேயே பூர்த்தி செய்து எடுத்து வந்திருந்தாள். மிச்சக் கேள்விகளை அதிகாரி ஒவ்வொன்றாக வாசித்துக் குறித்துக்கொண்டு வந்தார்.

"உடலைப் பாத்து அடையாளம் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றாள் அண்ணி.

அவர் காகிதங்களைப் புரட்டினார். "கம்பெனி லெட்டர்ல உடல் கிடைக்கலைன்னுல்ல இருக்கு?"

அண்ணி என்னைக் காட்டினாள். "இவ எடுத்துக் குடுத்தா. நான் பாத்தேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "கிடைக்கலைன்னே போட்டுக்குங்க சார்" என்றேன். எழுதிக்கொண்டார். அண்ணி கையெழுத்துப் போட்டாள், நானும் போட்டேன்.

அவளுக்கு அவன் உயிரோடு இருந்தான். நான்தான் கொன்றேன். வேறு எப்படிச் சொல்வது?

பஸ் நிறுத்தம்வரை சேர்ந்தே நடந்தோம். பஸ் வந்தது, அண்ணி ஏறினாள். உள்ளே நிறைய இடம் இருந்தது. அவள் என்னைக் கூப்பிடவில்லை, நானும் ஏறவில்லை.