அப்பா பேசாத இடம்

என் தங்க மருமகளுக்கு, தாய்மாமன் எழுதுவது.

மாடி வீட்டு நர்ஸம்மா, அதுதான் நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவாரே, தன் ஊர்ப் படங்களைத் திரட்டி மன்றத்தில் ஆப்பிரிக்கப் பட விழா நடத்தினார். கூட்டம் ஆயிரம் பேர். அத்தை எண்பது என்பாள், நம்பாதே. ஒவ்வொன்றும் எப்பேர்ப்பட்ட படம்! திரையில் ஓடும் செம்மண் சாலையைப் பார்த்தாலே நம் செருப்பில் தூசி ஒட்டும். தமிழில் வசனம் சொல்ல என்னை விட்டால் ஆள் ஏது? மைக் என் கையில்தான்.

மூன்றாவது படத்தில், சொல் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் கணவனோடு வாசலில் வந்து நிற்கிறாள். அப்பன் கதவைப் பிடித்தபடி நிற்கிறான். நர்ஸம்மா எழுதித் தந்த தாளில் அந்த இடத்துக்கு ஒரு வரிகூட இல்லை. நான் விடுவேனா?

"உள்ள வாம்மா, மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா!" என்று போட்டேன் ஒரு போடு.

அடுத்த நொடியே அந்தப் பாவி கதவைச் சாத்திவிட்டான். மன்றமே விழுந்து விழுந்து சிரித்தது. பாராட்டுச் சிரிப்புத்தான்.

"அண்ணே, அந்த அப்பா அங்க பேசவே மாட்டாரே!" என்றார் நர்ஸம்மா.

"வாய் அசைஞ்சுதும்மா, நான் பார்த்தேன்."

"முதுகைத்தானே காட்டுறாங்க?"

வரும் ஞாயிறு மாலை அதே படம் மறுபடியும். தாளில் உள்ளதை மட்டும் படிக்க வேண்டுமாம். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. போன வருஷம் நீங்கள் இருவரும் வாசலில் வந்து நின்றபோது ஒரு தடவை அப்படி நின்றுவிட்டேன்.

முன்வரிசையில் இரண்டு நாற்காலிக்குத் துண்டு போட்டு வைக்கிறேன். மாப்பிள்ளை உயரமானவர், கால் நீட்ட இடம் இருக்கும்.

இப்படிக்கு,
உன் மாமா