தோற்பதற்குக் கைதட்டியவர்கள்

அக்டோபர் 29, செவ்வாய்

மெட்காஃபை விற்றுவிட்டார்கள்.

நகராட்சியின் இலை அள்ளும் லாரியில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ஈரி ஆங்கர்ஸில் உருப்படியாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். எதிராளிகளைத் தடுக்கும் முன்வரிசையில் இடது ஓரம் நிற்கும் மெட்காஃப், அதே வரிசையில் நடுவில் நிற்கும் சாட்லர். அதில் ஒருவனைத் தூக்கி வேறு அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு என்ன வாங்கினார்கள்? அடுத்த வருடத்துக்கும் அடுத்த வருடம், கல்லூரியிலிருந்து ஒரு பையனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. அந்தப் பையன் இப்போது எங்கே எந்த வகுப்பில் தூங்கிக்கொண்டிருக்கிறானோ.

பொது மேலாளர் ஹாலண்டேல் பேட்டி கொடுக்கிறார்: "இது மறுகட்டுமானம். ரசிகர்கள் கொஞ்சம் பொறுமையா இருக்கணும்." யாரிடம் வந்து பொறுமை கேட்கிறார் இவர்? ஈரி ஆங்கர்ஸ் ரசிகர்களிடமா? எனக்குக் கல்யாணமாகி, விவாகரத்தாகி, மகளும் வேலைக்குப் போயாகிவிட்டது. இதற்குள் மூன்று மறுகட்டுமானம் பார்த்துவிட்டேன். ஒன்றுகூடக் கூரை வரைக்கும் வரவில்லை.

தம்பி லென்னுக்கு ஃபோன் செய்தேன். அவன் சந்தோஷமாக இருக்கிறான்!

"சரியான வேலை, பெர்னி. இந்த வருஷம் எப்படியும் போச்சு. ஒழுங்காத் தோத்தா கடைசி இடம். கடைசி இடம்னா டிராஃப்ட்ல, காலேஜ் பசங்களை எடுக்கறப்ப, முதல் தேர்வு நமக்கு."

ஒழுங்காகத் தோற்பதாம். இன்சூரன்ஸ் கம்பெனியில் நசுங்கின காருக்கு விலை போடுகிறவன் வேறு எப்படிப் பேசுவான்.

நவம்பர் 3, ஞாயிறு

38–6 என்று தோற்றோம். மெட்காஃப் நின்ற இடத்தில் நின்றவன், எதிராளிக்குக் கதவைத் திறந்துவிடுகிற மாதிரி விலகி நின்றான். முன்வரிசைக்குப் பின்னால் நின்று பந்து வீசும் எங்கள் குவார்ட்டர்பேக் பாவம், பந்தை வீசின நேரத்தைவிடத் தரையில் கிடந்த நேரம்தான் அதிகம்.

நவம்பர் 12, செவ்வாய்

இன்று விளையாட்டு ரேடியோவுக்கு ஃபோன் செய்தேன். வேண்டாம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒருத்தன் வந்து "ஹாலண்டேலின் தொலைநோக்கு" என்று ஆரம்பித்தான் பாருங்கள், லாரியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"லைன்ல பெர்னி. சொல்லுங்க பெர்னி."

சொன்னேன். வீடு கட்டுகிறவன் முதலில் ஜன்னலையா வாங்குவான் என்று கேட்டேன். மூன்று வருடத்துக்கு ஒரு புது குவார்ட்டர்பேக் வாங்குகிறார்கள். அழகான பல்வரிசை, பெரிய பேச்சு. அவனுக்கு முன்னால் நிற்க நல்ல ஐந்து பேர் கிடையாது. முதல் வருடம் தோள் போகிறது, இரண்டாம் வருடம் தைரியம் போகிறது, மூன்றாம் வருடம் ஆளே போய்விடுகிறான். பயிற்சியாளரும் அப்படித்தான், துணி மாற்றுகிற மாதிரி மாற்றுகிறார்கள். முதலில் முன்வரிசையைக் கட்டுங்கள், இருக்கிற மூத்த ஆட்களை வைத்துக்கொள்ளுங்கள், ஒரே பயிற்சியாளரை நாலு வருடம் விடுங்கள், அப்புறம் அந்த அழகுப் பையனைக் கூட்டி வாருங்கள்.

"பெர்னி, கொஞ்சம் மெதுவா..."

"நான் மெதுவாத்தான் பேசறேன்!"

கட் செய்துவிட்டார்கள். அடுத்த ஆள் வந்து, "அந்த அம்மா கொஞ்சம் தண்ணி குடிக்கட்டும்" என்றான். நீ குடிடா தண்ணி.

நவம்பர் 24, ஞாயிறு

மறுபடியும் தோல்வி. ஆட்டத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு பற்றவைத்து, லென்னின் மனைவி ரோசலி கொடுத்தனுப்பிய பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டி உருண்டைகளைச் சூடாக்கிச் சாப்பிட்டோம். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே போனதும் லென் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். வேறு எந்த அணி எத்தனை தோல்வி, யார் நமக்குப் 'போட்டி', இன்னும் எத்தனை தோற்றால் முதல் தேர்வு உறுதி. நாங்கள் பந்தை இழந்தபோதெல்லாம் அவன் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு.

"லென், நீ யாரு பக்கம்டா உக்காந்திருக்க?"

"நம்ம பக்கந்தான். ரெண்டு வருஷம் கழிச்சு வரப்போற நம்ம பக்கம்."

அரங்கத்தின் வடக்கு முனையில் இந்த இரண்டு இருக்கைகளும் அப்பா காலத்திலிருந்து எங்களுடையவை. இப்போது எங்கள் இருவர் பெயரிலும் இருக்கின்றன. அவன் ஊரின் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. இந்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லையென்றால் நாங்கள் பார்த்துக்கொள்வது கிறிஸ்துமஸுக்கும் சாவுக்கும்தான். அப்போதும் பேசுவது ஆங்கர்ஸைப் பற்றித்தான். அதை எடுத்துவிட்டால் எங்களுக்குள் என்ன மிச்சம்? யோசித்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

தோல்வி. லென் கை உயர்த்தி என் கையில் தட்ட வந்தான். நான் கையை நீட்டவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

கடைசி ஆட்டம். எதிரில் எங்களைப் போலவே இன்னொரு உதவாக்கரை அணி. தோற்றவர்களுக்கு முதல் தேர்வு. ஏரிப் பக்கமிருந்து பனி சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. அரங்கத்தில் பாதி பேர் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு எதிராகக் கத்தினார்கள். நான் பிறந்ததிலிருந்து இப்படிப் பார்த்ததில்லை.

ஆனால் களத்தில் இருந்த நம்ம பசங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை. தெரிந்தாலும் மதிக்கவில்லை. ஜெயிக்கப் பார்த்தார்கள்! கடைசிக் கால்பகுதியில் மூன்று புள்ளிகள்தான் பின்தங்கியிருந்தோம், பந்து எங்களிடம், கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிக்கொண்டிருந்தோம். சாட்லர் ஒவ்வொரு தடவையும் பனியில் குனிந்து, பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுத்துவிட்டு, எதிரே வந்தவனை நெஞ்சோடு தாங்கினான். பதினோரு வருடமாக அந்த வேலையைச் செய்கிறவன். அவன் பின்னால் நின்ற குவார்ட்டர்பேக்குகள் மூன்று பேர் போய்விட்டார்கள், அவன் மட்டும் போகவில்லை.

குவியலில் யாரோ அவன் காலின் மேல் விழுந்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள், அவன் எழவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு தலைக்கவசத்தால் தரையை முட்டினான்.

ஜனங்கள் கைதட்டினார்கள்.

எழுந்து போகிறவனுக்குத் தட்டும் கைதட்டல் இல்லை இது. அவன் இன்னும் தரையில் கிடக்கிறான். இனி தோற்றுவிடுவோம் என்ற சந்தோஷத்தில் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். லென்னும் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தான். "வந்துடுச்சு பெர்னி! முதல் தேர்வு வந்துடுச்சு!"

"டேய், அவன் கீழ கிடக்கான்டா."

"தெரியும், தெரியும், பாவந்தான்... ஆனா யோசிச்சுப் பாரு..."

யோசிச்சுப் பார்க்கணுமாம்! என்னத்தடா யோசிக்கறது? அவன் குல்லாவைப் பிடுங்கி எங்கே எறிந்தேன் என்று தெரியாது. நீயெல்லாம் ஒரு மனுஷனா என்றேன். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அப்படியே எழுந்து வந்துவிட்டேன். இரண்டு பேரும் வந்தது என் வண்டியில். அவனை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியில் ரேடியோவில் கேட்டேன். சாட்லருக்குப் பதிலாக வந்தவன் கொடுத்த பந்து குவார்ட்டர்பேக்கின் தலைக்கு மேலே போய்விட்டதாம். தோற்றுவிட்டோம். முதல் தேர்வு கிடைத்துவிட்டது. அரங்கத்தில் ஒரே கொண்டாட்டமாம்.

டிசம்பர் 30, திங்கள்

ரோசலி ஃபோன் செய்தாள். லென் பனியில் நடந்தே வீடு போயிருக்கிறான், இப்போது காய்ச்சல்.

"பெர்னி, ஒரு ஆட்டத்துக்காக இப்படியா? உங்க தம்பிதானே?"

"தம்பிங்கறதாலதான் எனக்கு இவ்வளவு கோபம்" என்றேன்.

அவன் பேசட்டும், முதலில் அவன் பேசட்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

நாள் முழுக்க நகராட்சி லாரியில் தெருத் தெருவாகப் பனி வாரினேன். லென் தெருவழியே இரண்டு தடவை போனேன். அவன் வாசலை மட்டும் நன்றாகவே வாரிவிட்டேன், கோபம் வேறு, வேலை வேறு. ஜன்னலில் நின்றுகொண்டிருந்தான். கை அசைக்கவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஆங்கர்ஸ் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு. ஏப்ரல் முடிவதற்குள் அடுத்த சீசனுக்கு இருக்கைகளைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு பேருடைய சம்மதமும் வேண்டும், இல்லாவிட்டால் காத்திருப்போர் வரிசையில் அடுத்தவர்களுக்குப் போய்விடும். மேலே பெரிய எழுத்தில், 'புதிய எழுச்சியில் இணையுங்கள்!' யார் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்?

நான் சம்மதம் கொடுக்கப் போவதில்லை. லென் வந்து கெஞ்சட்டும்.

மார்ச் 13, வியாழன்

சாட்லரை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். முட்டி ஆறுவதற்கு முன்பே. ஹாலண்டேல் இரண்டு வரியில் நன்றி சொல்லியிருக்கிறார். பதினோரு வருடம், இரண்டு வரி.

ஏப்ரல் 8, செவ்வாய்

இருக்கை விஷயமாக ஆங்கர்ஸ் அலுவலகத்திலிருந்து கோல்பி என்று ஒருவன் பேசினான். தேன் ஒழுகும் குரல்.

"மேடம், இவ்வளவு வருஷமா நம்ம குடும்பத்துல ஒருத்தரா இருக்கீங்க. உங்க ரெண்டு பேர் சம்மதமும் இன்னும் வரலையே?"

"ரெண்டு பேருமா? எங்க தம்பி குடுத்திருப்பானே."

"இல்ல மேடம். அவருக்கும் மூணு தடவை ஃபோன் பண்ணிட்டேன். எடுத்தாரு, யோசிக்கணும்னாரு, வெச்சுட்டாரு."

லென் யோசிக்கிறானா? முதல் நாளே சம்மதம் கொடுத்துவிட்டு, நான் எப்போது வழிக்கு வருவேன் என்று உட்கார்ந்திருப்பான் என்றல்லவா நினைத்திருந்தேன். என்ன வீம்பு இது? என்னை வெறுப்பேற்றவா? கோல்பியை நாலு திட்டு திட்டினேன். பாவம், நன்றி சொல்லிவிட்டு வைத்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

டிராஃப்ட். தொலைக்காட்சியைப் போடக் கூடாது என்றிருந்தேன். போட்டேன்.

முதல் தேர்வு, ஈரி ஆங்கர்ஸ். எவ்வளவு அடி வாங்கிச் சம்பாதித்தது! கல்லூரி குவார்ட்டர்பேக்கை எடுப்பார்களோ, எனக்குப் பிடித்த அந்த மலை போன்ற முன்வரிசைப் பையனை எடுப்பார்களோ என்று முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். அறிவிப்பாளர் வந்து நிற்கிறார். விற்றுவிட்டார்களாம்! முதல் தேர்வை வேறொரு அணிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடத்துக்கு இரண்டு, அதற்கடுத்த வருடத்துக்கு ஒன்று வாங்கிக்கொண்டார்களாம். ஹாலண்டேல் சிரித்துக்கொண்டு நிற்கிறார். "எதிர்காலத்துல முதலீடு."

கையிலிருந்த ரிமோட் சுவரில் போய் விழுந்தது. அது தரையில் உருண்டு நிற்பதற்குள் ஃபோன் அடித்தது.

"பாத்தியா?" ஹலோ கிடையாது, ஒன்றும் கிடையாது. நாலு மாதத்துக்கு அப்புறம் லென்னின் குரல்.

"பாத்தேன்."

"வித்துட்டான் பெர்னி! முதல் தேர்வையே வித்துட்டான் அந்தப் படுபாவி! இதுக்கா வருஷம் பூரா உதை வாங்கினோம்?"

"பொறுமையா இரு லென். ரெண்டு வருஷம் கழிச்சு வரப்போற நம்ம பக்கம் ஜெயிக்கும்."

"கடுப்பேத்தாத."

அப்புறம் திட்டினோம். ஹாலண்டேலைத் திட்டினோம், அவரை வேலைக்கு வைத்த முதலாளியைத் திட்டினோம், புதிய எழுச்சியைத் திட்டினோம், கோல்பியைக்கூட விடவில்லை. லென்னுக்கு இவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்று எனக்கு இத்தனை வயதில் இன்றுதான் தெரியும். எனக்கு மூச்சு வாங்கியது. அந்தப் பக்கம் அவனுக்கும்தான்.

வைத்துவிட்டானோ என்று பார்த்தேன். வைக்கவில்லை, அவன்தான் கேட்டான்.

"சாட்லருக்கு முட்டி எப்படி இருக்காம்? ஏதாவது கேள்விப்பட்டியா?"

"ரெண்டாவது ஆபரேஷன் ஆச்சாம். நடக்கறானாம்."

"ஓடுவானா?"

"தெரியல லென்."

"ம்."

அந்த 'ம்' என்னை என்னமோ செய்துவிட்டது. இந்தக் குளிர்காலம் பூரா என்னென்னவோ பதில்களை மனதில் தயார் செய்து வைத்திருந்தேன், எல்லாம் நல்ல சூடான பதில்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஏன் சம்மதம் கொடுக்கவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"அங்க எப்படிப் போய் உக்காருவேன், பெர்னி? உக்காந்தா அந்த மூலையத்தான பாக்கணும். அவன் கிடந்தது அங்கதான."

ஏப்ரல் 30, புதன்

இருக்கைகளுக்கு இன்று கடைசி நாள். கோல்பியின் ஃபோன் நாலு தடவை அடித்தது. எடுக்கவில்லை. லென்னும் எடுக்கவில்லையாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

புது சீசனின் முதல் ஆட்டம். லென் பகல் பன்னிரண்டுக்கே வந்துவிட்டான், ஒரு கையில் பியர், ஒரு கையில் ரோசலியின் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. என் சோபாவில் வலது பக்கம்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தான். உட்காரவிட்டேன். முன்வரிசை இன்னும் ஓட்டையாகத்தான் இருக்கிறது. பாதி நேரத்துக்குள்ளேயே இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. ஹாலண்டேல் முகம் வந்தபோதெல்லாம் லென் சாப்பிட்டுக்கொண்டிருந்த கரண்டியைத் திரையை நோக்கி நீட்டினான்.

மூன்றாவது கால்பகுதியில் கேமரா வடக்கு முனைக்குப் போயிற்று. எங்கள் இடம். ஒரு இளம் ஜோடி, புத்தம்புதுச் சட்டை, மடிப்புகூடக் கலையவில்லை. எதிரணி எங்கள் எல்லைக்கோட்டை நெருங்கிவிட்டது, சுற்றியிருந்தவர்களெல்லாம் எழுந்து நின்று கத்துகிறார்கள், இவன் உட்கார்ந்துகொண்டு ஃபோனில் அவளோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

அப்பாவின் இடம். லென்னைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ஏய்!" லென் சோபாவிலிருந்து எழுந்துவிட்டான். "ஏய் தம்பி! அந்த ஃபோனை வை! கோட்டுல நிக்கறான் பாரு, எழுந்து கத்து!"

"அவனுக்குக் கேக்காது லென்."

"கேக்கலன்னா என்ன, நீயும் கத்து!"

நானும் எழுந்து நின்று கத்தினேன்.