ஹோல்கரின் வயலும் என் டிடெக்டரும்

பிப்ரவரி 9

மழை. விவாகரத்தில் நாய் என் முன்னாள் கணவர் பிளெமிங்குடன் போனது, சோபா எனக்கு வந்தது. சோபாவை யாரும் நடத்திக் கூட்டிப்போக வேண்டியதில்லை. ஆகவே நானும் வெளியே போவதில்லை. டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தினமும் நடங்க மெரெதே" என்கிறார். எங்கே? எதற்கு? காரணமில்லாமல் வயல்வெளியில் தனியாக நடக்கிறவளைப் பற்றி இந்தத் தீவில் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைப்பேன்.

நான் டிக்கெட் கொடுக்கும் நீச்சல்குளத்துக்கு வந்த ஒருவர் மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறாராம். "தரையைப் பார்த்துக்கிட்டே நடக்கலாம். காதுல ஹெட்போன் வேற. ஒருத்தரும் பேச்சுக்கொடுக்க மாட்டாங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 15

அக்கா எல்லினோருடன் ஆல்போர்க் நகரத்துக் கடைக்குப் போனேன். மூன்று கருவிகளை எடுத்து வைத்தார் கடைக்காரர். முதலாவது வெறுமனே கத்தும். ஆணிக்கும் அதே கத்தல், அட்டிகைக்கும் அதே கத்தல். மூன்றாவது விமானம் ஓட்டுகிறவர்களுக்கானது போலிருந்தது. அதைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். தோள்பட்டை உடனே "வேண்டாம்" என்றது.

நடுவில் இருந்தது திரை வைத்தது. அடியில் என்ன கிடக்கிறது என்பதற்கு ஒரு எண் காட்டும். கடைக்காரர் கம்பளத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். ஆணிக்கு எட்டு. பழைய வெள்ளிக் காசுக்கு எண்பத்தெட்டு. பியர் டின்னைத் திறக்கும்போது பிய்ந்து வருமே, அந்த வளையத்துக்கு ஐம்பத்து நாலு. பிறகு தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் போட்டார். ஐம்பத்து நாலு.

"ரெண்டும் ஒண்ணா?" என்றேன்.

"மெஷினுக்கு ஒண்ணுதாங்க."

"எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

எல்லினோர் கடை என்றும் பாராமல் சிரித்தாள். நடுவில் இருந்ததையே வாங்கிவிட்டேன்.

மார்ச் 2

கடற்கரை. எண்பத்தொன்று! எண்பத்தொன்று! மண்டியிட்டுக் கைவலிக்கத் தோண்டினேன். கோலா டின். முழு டின், யாரோ மிதித்துத் தட்டையாக்கியிருக்கிறார்கள். பிறகு தூண்டில் ஈயம், பியர் மூடிகள், ஒரு கரண்டி.

எல்லினோர் போனில்: "குப்பை பொறுக்கக் காசு குடுத்தா மெஷின் வாங்கினே? நகராட்சியில கேட்டிருந்தா சும்மாவே ஒரு கிடுக்கியும் மஞ்சச் சட்டையும் குடுத்திருப்பாங்கடி."

ஆனால் முழங்கால் வலிக்கவில்லை. தோண்டுகிறபோது அதை நினைக்க நேரமில்லை.

மார்ச் 9

இப்போது எனக்கு விதி இருக்கிறது. இருபதுக்குக் கீழே இரும்பு — கருவியிலேயே வாயடைத்து வைத்துவிட்டேன். ஐம்பதுகளில் டின் வளையம் — தோண்டுவதில்லை. எழுபதுக்கு மேல் மட்டும்தான் குனிவேன். இனி நான் அறிவாளி.

மார்ச் 16

அறிவாளிக்கு ஒரு வயல் வேண்டுமே. தேவாலய மேட்டுக்குக் கீழே இருக்கும் வயல்தான் இந்தப் பக்கத்திலேயே பழைய குடியிருப்பு என்கிறார்கள். அது ஹோல்கருடையது. ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரின் காருக்குப் பக்கத்தில் சாணக்கரைசல் வண்டியைத் திறந்துவிட்டவர். அப்புறம் அந்த ரோட்டில் யாரும் ஓட்டுக் கேட்பதில்லை.

ஆப்பிள் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். மனிதர் வாசலிலேயே நிறுத்தினார். முதலில் கேக்கைப் பார்த்தார், பிறகு கருவியை, கடைசியாக என்னை.

"அது இரும்பு காட்டுமா?"

"காட்டும். ஆனா அதை நான் அடைச்சு வெச்சிருக்கேன். இரும்பு யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்." டிராக்டர் பக்கம் கையை நீட்டினார். பின்சக்கரம் காற்றிறங்கிச் சப்பையாகக் கிடந்தது. "போன வருஷம் மண்ணைக் கிளர்ற பரம்போட இரும்புப் பல்லு உடைஞ்சு எங்கேயோ மண்ணுக்குள்ள போச்சு. எத்தனைன்னு கடவுளுக்குத்தான் தெரியும். இந்த வசந்தத்துல இது ரெண்டாவது டயரு. இரும்பு பூரா எடுத்துடுங்க. மத்தது உங்க பாடு."

"அதுக்கா இவ்வளவு நல்ல மெஷின்?"

"நல்ல மெஷின்னா நல்லாத்தான் எடுக்கும். இன்னொண்ணு. மியூசியத்துக்காரனை வரவழைக்கிற எதையும் கண்டுபிடிக்காதீங்க. எங்க மச்சான் நிலத்துல ஒரு பானை ஓடு கிடைச்சுது. ஒரு வருஷம் வெதைக்க விடல."

கேக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

மார்ச் 23

ஒரு வாளி இரும்பு. லாடம், ஆணி, சங்கிலித் துண்டு, பரம்புப் பல் ஒன்று. ஒன்றே ஒன்று! அதைப் பார்த்ததும் ஹோல்கர் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மார்ச் 30

இடுப்பு. இடுப்பு. இடுப்பு.

ஏப்ரல் 6

ஐம்பத்தேழு என்று காட்டிய ஒன்றைத் தாண்டிப் போனேன். ஹோல்கர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்ன, சத்தம் வந்துச்சே, விட்டுட்டீங்க?"

"அது டின் வளையம். எண் சொல்லுது."

"டயருக்கு நம்பர் தெரியாதுங்க. எடுங்க."

எடுத்தேன். டின் வளையம்தான். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ. அல்லது வெயிலாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு எதையும் விடுவதில்லை என்று ஆகிவிட்டது. பயத்தில்.

நாளை மறுநாள் பார்லி விதைக்கிறார். இனி அறுவடைக்குப் பிறகுதான்.

ஜூன் 21

ரொட்டிக் கடையில் ஹோல்கரைப் பார்த்தேன். "டயரு நல்லா இருக்கு" என்றார். பதிலுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் "நல்லது, கேட்டதாச் சொல்லுங்க" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் காது சூடாகவே இருந்தது. டயரைக் கேட்டதாகச் சொல்லவா? யாராவது அப்படிச் சொல்வார்களா?

ஆகஸ்ட் 24

எழுத்து கோணலாக வருகிறது.

ஹோல்கரின் வயலில் அறுவடை முடிந்த தாள்களுக்கு நடுவே காலையிலிருந்து நடந்தேன். தெற்கு மூலையில் ஐம்பத்தாறு. பிறகு அறுபத்தொன்று. பிறகு மறுபடி ஐம்பத்தாறு. டின் வளையம்தான் என்று எனக்குள் இருக்கும் அறிவாளி சொன்னாள். குனிந்தேன். ஒரு சாண் ஆழத்தில், மண்ணோடு ஒட்டிக்கொண்டு — உள்ளங்கையில் பாதி — பச்சை பிடித்த வெண்கலம். விரலால் மெல்லத் துடைத்தேன். ஓரத்தில் தங்க நிறம். ஒரு மிருகம் உடம்பை முறுக்கி முறுக்கித் தன் முதுகையே கடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி தன் மேலாடையைக் குத்திக்கொண்ட அலங்கார ஊசி, ப்ரூச். ஆயிரம் வருடம் இருக்கும். அதற்கும் மேலேகூட இருக்கும்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. அவளும் இதைத் தேடியிருப்பாள் இல்லையா? இதே மூலையில் குனிந்து, குனிந்து?

காப்பி பிளாஸ்க்கின் மூடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். பழம்பொருள் கிடைத்தால் ஒப்படைக்க வேண்டும், சட்டம். ஒப்படைத்தால் அருங்காட்சியகத்துக்காரர்கள் வருவார்கள். செப்டம்பரில் ஹோல்கர் கோதுமை விதைக்க வேண்டும்.

எல்லினோரிடம் சொன்னேன். "சொல்லாம வெச்சுக்கோ, எனக்கு மட்டும் காட்டு" என்கிறாள். இவளை ஏன் கேட்டேன்?

ஆகஸ்ட் 25

முதலில் ஹோல்கரிடம் போனேன். பிளாஸ்க் மூடியைத் திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. திரும்பப் பொதைச்சிடுங்க."

"என்னது?"

"எங்க எடுத்தீங்களோ அங்கேயே. இத்தனை வருஷம் இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."

"முடியாதுங்க. இது உங்களோடதும் இல்ல, என்னோடதும் இல்ல."

"நெலம் என்னோடது! நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்? இரும்பு கேட்டேன். இரும்பு!"

"இரும்பையும் எடுத்தேனே! இடுப்பு ஒடிய எடுத்தேனே!"

"அப்ப அதோட நிறுத்தியிருக்கணும். இனிமே என் நெலத்துல கால் வைக்காதீங்க."

சரிதான் போடா. உன் டயரும் நீயும். வண்டி வண்டியா இரும்பு பொறுக்கிக் குடுத்தவளுக்கு இதுதான் மரியாதை. இவன் கேக் தட்டைக்கூட இன்னும் திருப்பித் தரல.

ஆகஸ்ட் 26

ஒப்படைத்துவிட்டேன். அருங்காட்சியகத்தின் சிட்செல் அதைப் பார்த்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். தெற்கு மூலையில் மட்டும் ஒரு சிறிய குழி போட்டுப் பார்க்க வேண்டுமாம். விளைச்சல் நஷ்டத்துக்கு ஈடு தருவார்களாம். அவளே ஹோல்கரிடம் பேசுகிறாளாம்.

நல்ல ஷூ போட்டுக்கொண்டு போகாதே என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 3

ஹோல்கர் சம்மதித்துவிட்டாராம். சாணக்கரைசல் எதுவும் ஊற்றவில்லையாம்.

செப்டம்பர் 9

தெற்கு மூலையில் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் போகவில்லை. கால் வைக்காதே என்றால் வைக்க மாட்டேன். டிடெக்டர் கோட் மாட்டும் இடத்தில் தொங்குகிறது.

செப்டம்பர் 14

சிட்செல் டிக்கெட் ஜன்னலுக்கே வந்துவிட்டாள், நீந்த அல்ல, புலம்ப.

"மெரெதே, அந்த மனுஷரை என்ன பண்றது? காலையில நாங்க வர்றதுக்கு முன்னாடியே வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்கார். குழியோட ஓரம் கோணலா இருக்குன்னு எங்களைத் திட்டறார். நேத்து தூண் நட்ட குழியோட கறை மண்ணுல தெரிஞ்சுது, இன்னிக்கு ஊரையே கூட்டிட்டு வந்து பாடம் நடத்தறார்."

"என்ன பாடம்?"

"'இதுதான் எங்க வீட்டு அடுப்படி'ன்றார்."

உண்மையிலேயே அங்கே ஒரு வீடு இருந்திருக்கிறது. நீண்ட வீடு. அடுப்பு, தறியில் நூலை இழுத்துப்பிடிக்கும் களிமண் குண்டுகள், எல்லாம் இருக்கிறதாம். எனக்குப் போக வேண்டும்போல் இருந்தது. ரொம்பவே இருந்தது.

செப்டம்பர் 19

வேலை முடிந்து வந்தால் வீட்டு வாசலில் டிராக்டர். தெருவையே அடைத்துக்கொண்டு. அதன்மேல் ஹோல்கர், மடியில் என் கேக் தட்டு.

"ஏன் வரல?"

"நீங்கதானே கால் வைக்கக்கூடாதுன்னீங்க."

"அது நெலத்துக்குச் சொன்னது. இது மியூசியத்துக் குழி."

அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுவிப் பளபளவென்று இருந்தது.

"அந்தப் பொண்ணு திங்கக்கிழமையோட மூடறேன்னு சொல்லுது. கோதுமை வெதைக்க நேரமாச்சாம். நான்தான் சொன்னேன், கோதுமை கெடக்குது, இன்னும் கொஞ்சம் தோண்டுங்கன்னு. அடுப்பைப் பாக்காம மூடினா எப்படி? அதைக் கண்டுபிடிச்சதே நீங்க." பிறகு டிராக்டரின் சக்கரத்திடம் சொன்னார்: "அன்னிக்கு நான் கத்தியிருக்கக் கூடாது."

"என்கிட்டயா சொல்றீங்க, டயர்கிட்டயா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

டிராக்டரில் ஏறினேன். இந்த வயதில், நீச்சல்குளச் சீருடையோடு. எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது. அசையட்டும்.

செப்டம்பர் 20

அடுப்பின் கல்லைத் தொட்டேன். நெருப்பில் வெடித்த கல். ஹோல்கர் தன் வாளியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றார்.

நவம்பர் 2

கோதுமை தாமதமாக விதைத்ததால் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. தெற்கு மூலையைச் சும்மா விட்டிருக்கிறார். கேட்டால், "அங்க ஆளுங்க தூங்கறாங்க" என்கிறார். ஞாயிறு மதியம் பன்றி வறுவலும் உருளைக்கிழங்கும் அவர் வீட்டில். குழம்பு கட்டி தட்டியிருந்தது. சொல்லவில்லை. இரண்டு முறை ஊற்றிக்கொண்டேன்.

மார்ச் 14

இன்று அருங்காட்சியகத்தில் ப்ரூச்சைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். சுத்தம் செய்த பிறகு அந்த மிருகத்துக்குக் கண்கள் இருப்பது தெரிகிறது, நம்மைத்தான் பார்க்கிறது. அட்டையில் என் பெயர், கீழே அவர் வயலின் பெயர். ஹோல்கர் கோட்டு போட்டு வந்திருந்தார். காப்பாளரிடம் விளக்கு வெளிச்சம் போதாது என்று குறை சொன்னார். வந்தவர்களுக்கெல்லாம் அடுப்படி எந்தத் திசை என்று கையை நீட்டிக் காட்டினார்.

ஓடென்சே நகரிலிருந்து வந்த ஒரு அம்மாள், அட்டையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஹோல்கரிடம் கேட்டாள்:

"இவங்கதானா கண்டுபிடிச்சது? உங்க மனைவியா?"

"இல்ல," என்றார் ஹோல்கர். கொஞ்சம் யோசித்தார். "இன்னும் இல்ல."

நான் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன். என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன், முதன்முறை பார்ப்பதுபோல.

திரும்பி வரும் வழி முழுக்கப் பார்லி விலை பற்றியே பேசினார். பாலம் தாண்டியதும், "என்ன, நீ ஒண்ணும் சொல்லலையே?" என்றார்.

"எதைப் பத்தி? பார்லியா?"

"பார்லியும்தான்."

"விலை சரியாத்தான் இருக்கு. விதைச்சிடலாம்" என்றேன்.