உப்புப் போட்ட தேத்தண்ணி

கொழும்பு, 12.3.1957

அன்பு சண்முகவடிவுக்கு,

பூண்டுலோயாவுல நீயும் பிள்ளைகளும் சுகமா இருக்க மாரியம்மாவைக் கும்பிடுறேன். எழுத்து வேறயா இருக்கேன்னு பயப்படாத. நான் சொல்லச் சொல்ல கடைக் கணக்கப்பிள்ளை எழுதுறாரு.

சின்ன விசயந்தான். போன வாரம் மூட்டை தூக்குறப்ப வாய் கோணி விழுந்துட்டேன். ரத்தக் கொதிப்பாம். தேயிலைத் தோட்டத்துல சீனி இல்லாம தேத்தண்ணிக்கு உப்புப் போட்டுத்தான் குடிப்போம்னு சொன்னதும் ஆஸ்பத்திரி டாக்டர் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. உப்பையும் பொகயிலையையும் விடச் சொன்னாரு. காலமெல்லாம் குடிச்சதை இப்ப விட்டு எனக்கு என்ன ஆகப்போகுது. நீயாவது விட்டுரு. பிள்ளைகளுக்கு ஊத்தாத. ஊறுகாயும் அனுப்பாத.

தபாலுக்கு நேரமாச்சு. சட்டை ஒண்ணு தச்சு அனுப்பு, தலைவழியா மாட்டுற மாதிரி. பட்டன் வைக்காத, ஒத்தக் கையால போட முடியல.

அழகுமுத்து